துண்டு பிழிந்தவன்

சென்ற வாரம் முத்துகுமரன் தலையை ஆட்டியதோடு விட்டிருந்தோம். எதற்கு ஆட்டினான் என்று மறந்துபோனவர்களுக்கு ஒரு வரி: அக்கா யோகலட்சுமி பிடித்துவைத்த பெண்ணை அம்மாவுக்குக் காட்டச் சம்மதம் என்றுதான் ஆட்டினான். ஆட்டிய நாளிலிருந்து அது சம்மதம்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

முப்பத்து நாலு வயது. தென்காசியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன். நல்ல பையன் என்று தெருவே சொல்லும். நல்ல பையன்களிடம் உள்ள ஒரே தொந்தரவு, தாங்கள் நல்ல பையன்கள் என்று அவர்களுக்கும் தெரிந்துவிடுவதுதான்.

பெண் விஷயத்தில் அவனுக்கென்று ஒரு அளவு இருந்தது. மெல்லப் பேச வேண்டும். புத்தகம் வாசிக்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் விசேஷம். மேட்ரிமோனி ஆப்பில் தேடித் தேடி அந்த அளவுக்கே மூன்று பேரோடு பேசிப் பழகினான். மதுரைக்காரி, கோயம்புத்தூர்க்காரி, நாகர்கோவில்காரி. மூவருக்கும் மழை பிடித்திருந்தது. மூவரும் காபிக் கோப்பையைப் படமெடுத்து அனுப்பினார்கள். மூன்று பேச்சும் சில மாதம் ஓடி, ஒரு சண்டைகூட இல்லாமல் தாமாகவே நின்றுபோயின.

"ஏலே, நீ மூணு பொண்ணப் பாக்கல. ஒரே பொண்ண மூணு தடவ பாத்திருக்க" என்றாள் யோகலட்சுமி. பாவூர்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள், பேச்சில் மண்டி வாசனை அடிக்கும். "ஒரே தோட்டத்துக் கத்தரிக்காய வாங்கிட்டு வந்து, ஏன் எல்லாம் சொத்தையா இருக்குன்னு அழுதா என்ன அர்த்தம்? அடுத்த தோட்டத்தயும் எட்டிப் பாரு."

அப்படி எட்டிப் பார்த்ததில் அகப்பட்டவள்தான் சிவகிரிக்காரி சண்முகப்பிரியா. வயது முப்பத்தொன்று. உத்தியோகம், போலீஸ்.

முதல் சந்திப்பு தென்காசியில் ஒரு பேக்கரியில். அவனைவிட இரண்டு விரற்கடை உயரமாக வந்து உட்கார்ந்தாள். முட்டை பப்ஸ் இரண்டு வாங்கினாள். ஒன்று தனக்காக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் அவளே தின்று முடித்தாள். குறட்டை விடுவானா, கோபம் வந்தால் பாத்திரத்தை எறிவானா, கடைசியாக எப்போது அழுதான் என்று விசாரணை நடத்தினாள். அவள் சிரித்த சிரிப்புக்குக் கல்லாக்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

முத்துகுமரனுக்கு நெஞ்சு படபடக்கவில்லை. அதுதான் குழப்பம். மதுரைக்காரியின் குரலைக் கேட்டதும் படபடத்த நெஞ்சு இங்கே சும்மா கிடந்தது. ஆனால் மறுநாளிலிருந்து தெருவில் எதைப் பார்த்தாலும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று எடுத்துவைக்கத் தோன்றியது. பிடித்திருக்கிறதா, பழகிவிட்டதா, பயமா? யோசித்து யோசித்து எந்த முடிவுக்கும் வராமல் இரண்டாம் தடவையும் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

அம்மா உலகம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. பெண்ணுக்கு கவர்மெண்ட் உத்தியோகம் என்று மட்டும் யோகலட்சுமி சொல்லியிருந்தாள். அம்மா அந்த இடத்திலேயே டீச்சர் என்று முடிவு கட்டிவிட்டாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டபோது, அடிக்கடி இடம் மாற்றுவார்கள் என்று யோகலட்சுமி சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

திட்டம் இதுதான். ஆடி முதல் ஞாயிறு. சாரல் அடிக்கிறது, அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. அம்மாவைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போய்க் குளிக்கவைப்பது. குளித்துவிட்டு குற்றாலநாதர் கோயில் வாசலுக்கு வந்தால், அங்கே தற்செயலாக வந்ததுபோல் சண்முகப்பிரியா நிற்பாள். நம் பக்கத்தில் இப்படித்தானே வழக்கம். கோயில் வாசலில் பார்த்தால், சரிவராமல் போனாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போனோம் என்று கதை முடிந்துவிடும்.

காரைக் கிடைத்த இடத்தில் விட்டுவிட்டு, செல்போன்களை அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டு அம்மா, அக்கா, அவன் மூன்று பேரும் பேரருவிக்கு நடந்தார்கள். அருவிக்குப் போகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். அன்றைக்கு மட்டும் செய்திருக்கக் கூடாது.

முத்துகுமரன் ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு, பெண்கள் வெளியே வரும் படியருகே வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே பாய்ந்து விழும் தண்ணீருக்குக் கீழே, இரும்புச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளில் அருவி இடிக்க இடிக்க வாயு இறங்கும் என்பது உலகம்மாளின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எத்தனை முனகினாலும் அவள் காதில் ஏறாது.

விசில் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். பெண்கள் பக்கம் காக்கியில் நின்று ஊதிக்கொண்டிருந்தவள் சண்முகப்பிரியா.

இன்றைக்கு லீவு என்றாளே என்று அவன் நினைத்து முடிப்பதற்குள், அருவியின் வெள்ளையில் ஒரு ஓரமாகப் பழுப்புக் கோடு இறங்கியது. கூடவே சருகும் சுள்ளியும். மலை மேலே எங்கேயோ பெருமழை. இந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், நிறம் மாறினால் வெளியே ஓடிவிட வேண்டும். பெண்கள் அலறியடித்து வெளியே வந்தார்கள். யோகலட்சுமியும் வந்துவிட்டாள். சங்கிலியைப் பிடித்திருந்த உலகம்மாள் மட்டும் வரவில்லை.

"ஆச்சி, வெளிய வாங்க" என்று சண்முகப்பிரியா கத்தினாள்.

அந்த இரைச்சலிலும் அம்மாவுக்கு அது கேட்டது. கேட்டதுதான் வினையாகப் போயிற்று. வெள்ளிக்கிழமைதான் தலைக்கு டை அடித்திருந்தாள். தன்னைப் பாட்டியாக்கி ஆச்சி என்று கூப்பிட்டவள் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சண்முகப்பிரியா இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கி, உலகம்மாளின் விரல்களைச் சங்கிலியிலிருந்து பிரித்து, இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து படியில் விட்டாள். வருகிற வழியில் அம்மாவின் முந்தானை நழுவியது, கொண்டை அவிழ்ந்தது, ஒரு கால் வழுக்கி முட்டியில் சிராய்ப்பு. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நூறு பேருக்குக் குறையாது.

உலகம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகினாள். பேச்சு மொத்தமாக வந்தது.

"யாருட்டி நீ, என் மேல கை வைக்க? காக்கியப் போட்டுட்டா பெரிய இவளா? பொம்பளையாட்டி நீ? உன்னல்லாம் ஒருத்தன் கட்டுவானா?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் சண்முகப்பிரியாவின் கண் கூட்டத்தைத் தாண்டி முத்துகுமரன் மேல் வந்து நின்றது. இங்கே நிற்பான் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அவனையும், அவன் பக்கத்தில் பதறி நின்ற யோகலட்சுமியையும் பார்த்தாள். இழுத்து வந்த அம்மாள் யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் ஏதாவது சொல்வான் என்று ஒரு கணம் நின்றாள்.

முத்துகுமரன் குனிந்து துண்டைப் பிழிந்தான். ஏற்கெனவே பிழிந்த துண்டு. சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

நிமிர்ந்தபோது அவள் திரும்பி, அடுத்த வரிசையை ஒதுக்கப் போயிருந்தாள். யோகலட்சுமி அம்மாவைச் சேலையால் சுற்றி அணைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. சண்முகப்பிரியா தண்ணீரில் இறங்கிய வேகத்தைப் பார்த்து மனசுக்குள் யாரோ, அடேயப்பா, என்று சொன்னார்கள். பெற்ற தாயை ஒருத்தி தரதரவென்று இழுக்கும்போது இப்படித் தோன்றலாமா என்று தன்னையே ஏசிக்கொண்டான்.

வெள்ளம் வரவில்லை. வந்திருந்தால் சண்முகப்பிரியா அன்றைக்கே உலகம்மாளின் குலதெய்வமாகியிருப்பாள், நமக்கும் இந்தத் தொடர் சீக்கிரம் முடிந்திருக்கும். பழுப்பு மெல்ல வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி குளிக்க விட்டார்கள். அதைப் பார்த்ததும் உலகம்மாளின் கோபம் இரட்டிப்பாயிற்று. ஒன்றுமில்லாத தண்ணீருக்கா என்னை நாலு பேர் பார்க்க இழுத்தாள் என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தாள். பழக்கடையில் ரம்புட்டான் வாங்கித் தருகிறேன் என்று யோகலட்சுமி ஆசை காட்டியும் மசியவில்லை.

காரைத் திறந்ததும் முத்துகுமரன் முதலில் போனை எடுத்தான். காலையில் அவர்கள் காரைப் பூட்டிவிட்டு நடந்த சற்று நேரத்தில் வந்த செய்தி. லீவு இல்லை என்றாகிவிட்டது, பெண்கள் பக்கம் டூட்டி போட்டிருக்கிறார்கள், அம்மாவை அருவிக்குக் கூட்டி வராமல் மத்தியானம் நேரே கோயில் வாசலுக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, சற்று முன்பு வந்தது ஒன்று.

"சொன்னபடி கோயில் வாசலுக்கு வரட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

அவ்வளவுதான். துண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சாப்பிட உட்கார்ந்த ஹோட்டலில் அம்மாவின் புலம்பல் இலை போட்டதும் நின்றது, ரசத்துக்கு மறுபடி ஆரம்பித்தது. இந்தக் காலத்துப் பெண்கள் போலீஸில் சேர்ந்து என்ன ஆகிவிட்டார்கள் பார், வீட்டில் ஒரு டம்ளரையாவது மெதுவாக வைக்கத் தெரியுமா அவளுக்கு என்றாள். பிறகு தானே சமாதானமாகி, போகட்டும், அந்த டீச்சர்ப் பெண் முகத்தைப் பார்த்தால் எனக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றாள். யோகலட்சுமி மேசைக்கு அடியில் தம்பியின் காலை மிதித்தாள்.

கை கழுவப் போன இடத்தில் அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு வேண்டாம், அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிடு, அம்மாவிடம் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சரியான யோசனைதான். இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்கு முகம் மறந்துபோகும். அல்லது சண்முகப்பிரியாவே மறந்துபோவாள். மதுரைக்காரி மறந்ததுபோல.

வரவேண்டாம் என்று எழுதினான். அழித்தான். இன்னொரு நாள் என்று எழுதினான். அதையும் அழித்தான். இந்தப் பெண்ணும் சத்தமில்லாமல் நின்றுபோனால் தனக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துப் பார்த்தான். போன் திரையைச் சட்டையில் துடைத்தான்.

"வாங்க" என்று எழுதி அனுப்பினான். அனுப்பியது ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டான்.

கோயில் வாசலில் அம்மா ஈரத்தலையை ஆற்றி முடிந்து, மல்லிகை வைத்து, முகம் துடைத்துத் தயாராக நின்றாள். செருப்பு விடுகிற இடத்தைக் கடந்து வந்த ஒவ்வொரு கண்ணாடி போட்ட பெண்ணையும் அளந்து பார்த்தாள். இதுவா, அதுவா என்று இரண்டு தடவை யோகலட்சுமியைக் கேட்டாள்.

சண்முகப்பிரியா கடைவீதிப் பக்கமிருந்து நடந்து வந்தாள். அதே காக்கி. முழங்கால் வரைக்கும் இன்னும் ஈரம் காயவில்லை. டீ குடிக்க என்று கேட்டு வாங்கிய நேரம், வேகமாக வந்தாள்.

உலகம்மாள்தான் முதலில் பார்த்தாள். முகம் சிவந்தது, பிறகு ஒருவிதமாகத் தெளிந்தது.

"மன்னிப்பு கேக்க வந்தியாக்கும்?"

சண்முகப்பிரியா முத்துகுமரனைப் பார்த்தாள். காலையில் பார்த்த அதே பார்வை. யோகலட்சுமி வேறெங்கோ பார்த்தாள். கோயிலுக்குள் மணி அடித்தது, யாரோ குழந்தையை அதட்டினார்கள், சாரல் மறுபடி தூற ஆரம்பித்தது.

"அம்மா" என்றான். "இவங்கதான் சண்முகப்பிரியா. நாம பாக்க வந்தது இவங்களத்தான்."

உலகம்மாள் மகளைப் பார்த்தாள். "டீச்சர்னு சொன்ன?"

"நீயாத்தாம்மா சொன்ன. நான் மறுக்கல, அவ்வளவுதான்."

அடுத்து வரப்போகும் இடிக்காக முத்துகுமரன் தோளைக் குறுக்கிக்கொண்டான். அதற்குள் சண்முகப்பிரியா பேசினாள். குரலில் பணிவு இருந்தது, பயம் இல்லை.

"மன்னிப்பு கேக்க வரலம்மா. நாளைக்குத் தண்ணி கலங்குனாலும் இழுக்கத்தான் செய்வேன். ஆச்சின்னு கூப்பிட்டேன்லா, அதுக்கு மட்டும் மன்னிச்சுக்கிடுங்க. மேல தண்ணி விழுந்ததுல முகம் சரியாத் தெரியல."

அம்மாவின் கை தானாகவே கொண்டைக்குப் போய்த் திரும்பியது. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறவள்போல நின்றாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"காலையிலயே உனக்கு இவளத் தெரியும்லா?"

"தெரியும்."

"எங்கன நின்ன?"

"படிகிட்ட."

"நான் ஏசுனதெல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன செஞ்ச?"

முத்துகுமரன் தரையைப் பார்த்தான். என்ன செய்தான் என்று சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அது அதைவிடக் கேவலம்.

உலகம்மாள் சண்முகப்பிரியாவிடம் திரும்பினாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, குரல் தாழ்ந்திருந்தது.

"எனக்கு உன்னப் பிடிக்கலம்மா. அத ஒளிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன். பெத்தவள ஒருத்தி இழுத்துட்டு வாரா. கட்டிக்கிடலாமான்னு பேசிட்டு இருக்குத புள்ளைய அம்மா நடுச்சந்தில வச்சு ஏசுதா. ரெண்டுல ஒண்ணுக்காவது இவன் வாயத் திறந்திருக்கணும்லா? எனக்காகவும் வரல, உனக்காகவும் வரல. இவன நம்பி நீ எப்படி வருவ?"

யோகலட்சுமி மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. பையனைப் பற்றி அம்மா இப்படிப் பேசி அக்காவும் தம்பியும் கேட்டதில்லை.

"அதத்தாம்மா நானும் காலையில இருந்து யோசிக்கேன்" என்றாள் சண்முகப்பிரியா.

பிறகு அவனிடம் பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு எப்பவும் சத்தமாப் பேசுத ஆளுங்களத்தான் பிடிக்கும். மீசையும் கீசையுமா, பைக்க உறுமிக்கிட்டு வருவாங்களே, அந்த மாதிரி. ரெண்டு பேரப் பாத்தேன், ரெண்டும் விளங்கல. உங்க அக்கா உங்களப் பத்திச் சொன்னப்ப, இது நம்ம ஆளே இல்லையேன்னுதான் தோணுச்சு. சரி, மாத்திப் பாப்போமேன்னு வந்தேன். அமைதியான ஆளு, அதுவும் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அமைதி வேற. காலையில நீங்க நின்னது வேற."

முத்துகுமரனுக்குச் சுரீரென்றது. இத்தனை வாரமும் இவள் தனக்குப் பொருந்துவாளா என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உயரம் சரியா, சிரிப்பு சரியா, நெஞ்சு படபடக்கிறதா என்றெல்லாம் கணக்குப் போட்டான். எதிர்ப்பக்கத்திலும் ஒருத்தி அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பாள், அதில் தான்தான் வழக்கத்துக்கு மாறான சரக்கு என்பது ஒரு தடவைகூட அவன் புத்திக்கு எட்டவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும். உங்களைப் பிடித்திருக்கிறது என்று சொல்லலாமா? அது உண்மையா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதுமா? அவன் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சண்முகப்பிரியா அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினாள். முட்டியில் சிராய்ப்புக்கு மஞ்சள் வைக்க வேண்டாம், மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, அருவிப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

உலகம்மாளும் நிற்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, காலைச் சற்றே இழுத்தபடி, எதிர்ப்பக்கமாகக் கார் நிற்கும் இடத்தை நோக்கிப் போனாள். சாமி கும்பிட வந்தவள், உள்ளே போகவே இல்லை.

இரண்டு முதுகும் இரண்டு பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒன்று வலிக்கிற காலோடு மெதுவாக, இன்னொன்று டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக. அம்மாவுக்கு ஒரு கை கொடுக்க வேண்டும். சண்முகப்பிரியாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எது முதலில்? முத்துகுமரனுக்கு நெஞ்சு படபடத்தது. இந்த மூன்று பேரில் யாருக்காக என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது ஆள் அவனேதான்.

நடக்க ஆரம்பித்தான். என்ன பேசப் போகிறான் என்று தெரியாது. பேச்சு வருமா என்றும் தெரியாது. சாரல் கண்ணில் அடித்தது. துடைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டான்.

"ஏலே முத்து" என்று பின்னாலிருந்து யோகலட்சுமி கூப்பிட்டாள். "கார் இந்தப் பக்கம்லா நிக்கி."